வேட்டைக்காரர் முதுகில் என்ன இருந்தது?

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் மெசேஜிலிருந்து ஆரம்பிக்குது. காலேஜில் என்கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் இப்போ கனடாவில், அல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கான். அவன் ஆபீசில் பாதிப் பேர் இலையுதிர்காலம் வந்தா துப்பாக்கியோட காட்டுக்குக் கிளம்பிடுவாங்களாம். இவனும் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கிட்டான். மூஸ் வேட்டைக்குப் போறானாம். மூஸ்னா மான் குடும்பத்திலேயே பெரிசு, குதிரையைவிட உயரமா நிக்கும். "மச்சான், நீதான் ட்ரெக்கிங் போறவனாச்சே, இதுல எந்த பேக் வாங்கலாம்?"னு கேட்டு மூணு லிங்க் அனுப்பியிருந்தான்.

நான் வேட்டைக்குப் போனதில்லை. போகவும் முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போ இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனா அவன் அனுப்பின மூணு படத்தைப் பார்த்ததும் ஒரு விஷயம் உறுத்துச்சு. ரெண்டு பை நாம ட்ரெக்கிங்குக்கு எடுத்துட்டுப் போற மாதிரியேதான் இருந்துச்சு. மூணாவது பையே இல்லை, வெறும் அலுமினியச் சட்டம். நாற்காலியில் உட்கார்ற இடத்தைக் கழட்டி எடுத்துட்டா எப்படி இருக்குமோ அப்படி. அதுதான் மூணுலயும் விலை அதிகம்!

ஏன்னு தேட ஆரம்பிச்சேன். ஐயாயிரம் வருஷம் பின்னாடி போக வேண்டியதாயிடுச்சு.

முதல்ல ஒரு அடிப்படை வித்தியாசம். நாம குரங்கணிக்கோ குமார பர்வதத்துக்கோ போறப்போ பை கிளம்பும்போது கனமா இருக்கும். வழியில சாப்பிடுவோம், தண்ணி குடிப்போம், திரும்பி வரும்போது இலேசாயிடும். வேட்டைக்காரனோட கணக்கு அப்படியே தலைகீழ். போறப்போ ஒரு கத்தி, கயிறு, கொஞ்சம் ரொட்டி. போன காரியம் நடந்துட்டா திரும்பும்போது முதுகில் ஒரு மிருகம். அவனோட பை திரும்பி வர்ற பயணத்துக்காக வடிவமைச்ச பை. இந்த ஒண்ணை மனசுல வெச்சுக்கிட்டா மத்ததெல்லாம் புரியும்.

1991 செப்டம்பர் 19. ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் மலையில், 3,210 மீட்டர் உயரத்தில் மலையேறப் போன ஒரு ஜெர்மன் தம்பதி பனி உருகின பள்ளத்தில் ஒரு உடலைப் பார்க்கிறாங்க. சமீபத்தில் விபத்தில் செத்த யாரோன்னுதான் முதல்ல நினைச்சாங்க. அவர் இறந்து சுமார் 5,300 வருஷம் ஆகியிருந்தது. அவர்தான் பனிமனிதர் ஓட்சி. 2001ல எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தப்போ இடது தோளில் அம்பு முனை இருந்துச்சு, அதாவது அது கொலை. அந்தக் கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கலாம். எனக்கு இன்னைக்கு வேண்டியது அவர் பக்கத்தில் கிடந்த சாமான்கள். முடிக்காத ஒரு வில். பதினாலு அம்பு, அதில் ரெண்டுதான் எய்யற நிலையில் இருந்துச்சு. செம்புக் கோடாரி. பூர்ச்ச மரப்பட்டையில் செய்த ரெண்டு டப்பா. அதில் ஒண்ணு மேப்பிள் இலையில் சுத்தின கங்கைத் தூக்கிட்டுப் போக.

அப்புறம், 'யு' வடிவத்தில் வளைச்ச ஒரு ஹேசல் மரக்கம்பு, சுமார் ரெண்டு மீட்டர் நீளம். அதோட சின்னச் சின்ன லார்ச் பலகைகள், கயிற்றுத் துண்டுகள். இது முதுகில் மாட்டற சுமைச் சட்டம்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. இல்லை, பனியில நடக்கிற காலணியோட பகுதின்னு வாதாடறவங்களும் உண்டு. நான் சட்டம் கட்சி. அவர் வயித்தில் இருந்த கடைசிச் சாப்பாட்டில் ஐபெக்ஸ் என்ற மலையாட்டு இறைச்சியும் செம்மான் இறைச்சியும் இருந்துச்சு. அந்த உயரத்தில் அதையெல்லாம் கையில் தூக்கிட்டா நடந்திருப்பார்?

என் நண்பன் அனுப்பின மூணாவது படத்தையும் அருங்காட்சியகத்தில் இருக்கிற அந்தக் கம்போட படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். மரம் அலுமினியமா மாறியிருக்கு. மத்தபடி பெரிய வித்தியாசம் தெரியலை.

அதுக்காக எல்லா வேட்டைக்கும் சட்டம் வேணும்னு இல்லை. இங்கிலாந்துக்கு வாங்க. அங்கே வயல்வெளியில் காடை, கவுதாரி, முயல்னு சுட்டுட்டு சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பறவங்களுக்கு மலையும் இல்லை, பனியும் இல்லை. அவங்க பை தோளில் குறுக்கே தொங்கற ஜோல்னாப் பை மாதிரி. ஒரே ஒரு விசேஷம், முன்பக்கம் வலை. சுட்ட பறவையோட உடம்புச் சூடு உடனே வெளியேறணும், காத்துப் படணும், இல்லைன்னா கறி கெட்டுப்போயிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்து ஃப்ரிட்ஜ் அந்த வலை. ஒருநாள் வேட்டையில் மொத்தம் எத்தனை விழுந்துச்சுங்கிற கணக்குக்கே ஆங்கிலத்தில் 'பேக்'னு பேர் வந்துடுச்சு.

அதே நாட்டில் அந்தப் பையே குத்தத்துக்குச் சாட்சியாவும் இருந்திருக்கு. வேட்டை நிலம் முழுக்க ஜமீன்களுக்கு. பசிக்கு முயல் பிடிக்கிற கூலித் தொழிலாளி திருடன். 1862ல ஒரு சட்டம் வந்துச்சு. திருட்டு வேட்டைக்குப் போயிட்டு வர்றார்னு சந்தேகம் வந்தா, பொதுச் சாலையில் நடந்து போற ஆளைப் போலீஸ் நிறுத்தி சோதிக்கலாம். இதையும் கோட்டுக்கு உள்ளே, வெளியே தெரியாம, ஒரு முயல் படுக்கிற அளவுக்குப் பெரிய பாக்கெட் வெச்சுத் தைக்கிற வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்க. இன்னைக்கும் அந்த மாதிரிப் பாக்கெட்டுக்கு அங்கே திருட்டு வேட்டைக்காரன் பாக்கெட்னுதான் பேர். விலை உயர்ந்த கோட்டுகளில் ஸ்டைலுக்காக வெச்சுத் தைக்கிறாங்க.

மலைக்குப் போவோம். ஆல்ப்ஸ் பக்கம் ஷமாய்னு ஒரு மலைவிலங்கு, பார்க்க ஆடு மாதிரி இருக்கும். இருபதிலிருந்து ஐம்பது கிலோ. செங்குத்தான பாறையில் நிக்கும். சுட்டா அங்கேயிருந்து கீழே இறக்கணும், ரெண்டு கையும் பாறையைப் பிடிக்கக் காலியா இருக்கணும். அதனால முதுகுப் பை. ரக்சாக்ங்கிற சொல்லே ஜெர்மன் மொழியில் முதுகு-சாக்கு. நம்மூர் சாக்கு மாதிரியே காதில் விழுது, இல்லையா? ஜெர்மன் வேட்டைப் பைக்குள்ள கழட்டிக் கழுவற மாதிரி ஒரு ரப்பர் பூசின உள்ளுறை இருக்கும். ரத்தம் ஊறி முதுகை நனைக்கக் கூடாதில்லையா, அதுக்கு. ஆனா அந்த வேட்டைக்காரங்க மொழியில் ரத்தத்தை ரத்தம்னு சொல்ல மாட்டாங்க. வியர்வைன்னு சொல்லுவாங்க. அந்த உறைக்குப் பேரும் வியர்வை உறை. இதைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் நிறுத்தி யோசிச்சேன். செய்யற வேலையோட கனத்தைச் சொல்லால குறைக்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கு போல.

இந்தச் சாக்குப் பையில் ஒரு தொல்லை. உருண்டை உருண்டையா முதுகில் குத்தும், கனம் பின்பக்கம் இழுக்கும். நார்வேயில் ஓலே பெர்கன்னு ஒருத்தர். 1908ல வேட்டைக்குப் போனப்போ இந்தத் தொல்லை தாங்காம, ஒரு ஜூனிப்பர் கிளையைத் தன் முதுகு வளைவுக்கு ஏத்த மாதிரி வளைச்சுப் பைக்குப் பின்னாடி கட்டினாராம். அடுத்த வருஷம் காப்புரிமை. அப்புறம் கிளைக்குப் பதிலா இரும்புக் குழாய். அந்தப் பை எவ்வளவு பரவுச்சுன்னா, பிரிட்டிஷ் ராணுவத்தில் இன்னைக்கும் முதுகுப் பைக்குப் பேரே 'பெர்கன்'தான். நாம போட்டோகாப்பிக்கு ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி.

இவ்வளவு நேரம் தன் வேட்டையைத் தானே சுமந்தவங்க கதை. ஆனா பையே இல்லாத ஒரு பெரிய வேட்டை வரலாறு இருக்கு. அதில்தான் நம்ம ஊர் வருது.

1909ல அமெரிக்க ஜனாதிபதி பதவி முடிஞ்ச கையோட தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார், அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கிற வேட்டை. தோல் கெடாம இருக்கத் தடவற உப்பு மட்டும் நாலு டன். நாலு டன் உப்பு எந்தப் பையில் போகும்? இருநூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கச் சுமையாட்கள் தலையில் போச்சு. அந்தக் காலத்து சஃபாரியில் ஆளுக்கு சுமார் 60 பவுண்டு, அதாவது 27 கிலோங்கறது வழக்கமான கணக்கு. புகைப்படங்களில் துரை துப்பாக்கியோட நிக்கிறார். அவர் முதுகில் ஒண்ணும் கிடையாது.

நீலகிரியிலும் அப்படித்தான். 1879லயே அங்கே வேட்டைக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் வந்துடுச்சு, அந்த அளவுக்கு வெள்ளைக்காரங்க வேட்டையாடிட்டு இருந்தாங்க. அந்தக் கால ஷிகார் புத்தகங்களில் எந்தத் துப்பாக்கி, எந்தக் கூடாரம், எத்தனை பாட்டில்னு பக்கம் பக்கமா பட்டியல் இருக்கும். பை பத்திப் பேச்சே இருக்காது. சுமையை எண்ணற அளவே 'கூலி'தான். இத்தனை கூலிச் சுமைன்னு எழுதுவாங்க. அந்த ஆங்கிலச் சொல் நம்ம கூலியிலிருந்து போனதுன்னு ஒரு கருத்து உண்டு. மனுஷனுக்கும் சம்பளத்துக்கும் மூட்டைக்கும் ஒரே பேர். தலையில் சும்மாடு, அது மேல துரையோட பெட்டி. காட்டெருமைத் தலை எவ்வளவு கனம்னு சுட்டவருக்குத் தெரிஞ்சிருக்காது. இறக்கினவருக்குத் தெரியும். அவர் பேரைப் பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கலை.

சும்மாடுன்னதும் ஞாபகம் வருது. கிராமத்துச் சாலையோரம் ரெண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வெச்ச மாதிரி சுமைதாங்கி பார்த்திருப்பீங்க. கர்ப்பத்தில் இறந்துபோன பெண்களோட நினைவா கட்டினது. சரியா தலைச்சுமையை நகர்த்தி வைக்கிற உயரம். ஏன் அந்த உயரம்னா, கனமான சுமையில் கஷ்டம் நடக்கிறது இல்லை, தரையிலிருந்து தூக்கி ஏத்தறதுதான். தனியா இருக்கிறவனால முடியாது. இன்னைக்கும் கனடாவிலோ அலாஸ்காவிலோ தனியா போற வேட்டைக்காரர் கறிச்சுமையைத் தூக்கி மாட்டறதில்லை. பையைத் தரையில் நிமிர்த்தி வெச்சு, அதுக்கு முன்னாடி உட்கார்ந்து வாரை மாட்டிக்கிட்டு, அப்படியே புரண்டு மண்டி போட்டு, அப்புறம் எழுந்திருக்கார். சுமைதாங்கி இல்லாத ஊரில் வேற வழி இல்லை.

அலாஸ்கான்னு சொன்னேன் இல்லையா, அடுத்த கதை அங்கேதான். 1920ல லாயிட் நெல்சன்னு ஒரு அமெரிக்கர் அங்கே போறார். ஊர் மக்களில் ஒருத்தர்கிட்ட சுமைச் சட்டம் ஒண்ணு இரவல் வாங்கறார். வில்லோ குச்சிகள் மேல கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டினது. ஓட்சியோட கம்புக்கு ஒன்றுவிட்ட தம்பின்னு சொல்லலாம். நெல்சன் ஊருக்குத் திரும்பி, மரச்சட்டம், கான்வாஸ்னு அதைச் செப்பனிட்டு, 1924ல காப்புரிமை வாங்கிட்டார். 'ட்ராப்பர் நெல்சன்' என்ற பேரில் பல பத்தாண்டுகள் வித்துச்சு. வேட்டைக்காரர்கள், வனத்துறைக்காரர்கள், சாரணர்கள் எல்லார் முதுகிலும் அதுதான். நல்ல பொருள்தான், நெல்சனோட உழைப்பும் அதில் இருக்கு. ஆனா இரவல் கொடுத்தவர் பேர் சட்டத்தில் இல்லை. நீலகிரியில் சுமந்தவர் பேர் போச்சு, இங்கே கண்டுபிடிச்சவங்க பேர்.

இன்னும் ஒரு பிரச்சினை பாக்கி. எவ்வளவு நல்ல சட்டமா இருந்தாலும் கனம் முழுக்க தோளில்தான் இறங்குது. பழங்குடி மக்களும், வட அமெரிக்காவின் ரோமத் தோல் வியாபாரத்தில் படகோட்டினவங்களும் நெத்தியில் பட்டை கட்டிச் சுமந்தாங்க. அந்தப் படகோட்டிகள் படகு போகாத இடங்களில் 90 பவுண்டு கட்டு ரெண்டை ஒரே நேரத்தில் தூக்கிட்டு நடப்பாங்க. கிட்டத்தட்ட 80 கிலோ. கழுத்து என்னத்துக்கு ஆகும்னு கேட்காதீங்க.

1951ல கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலையில், டிக் கெல்டியும் அவர் நண்பர் கிளே ஷெர்வினும் நடந்துட்டு இருக்காங்க. ஷெர்வின் வலி தாங்காம தன் சட்டத்தோட கீழ் முனைகளை ஜீன்ஸ் பின்பாக்கெட்டில் செருகிக்கிறார். தோள் உடனே இலேசாகுது. கனம் இடுப்பெலும்புக்குப் போயிடுச்சு. அவ்வளவுதான். ஹிப் பெல்ட் பிறந்த கதை இது. அடுத்த வருஷம் கெல்டி அலுமினியக் குழாயை வளைச்சு வீட்டிலேயே பை செய்யறார், மனைவி நீனா தைக்கிறார். முதல் வருஷம் வித்தது 29 பை, ஒண்ணு 24 டாலர். நீங்க இப்போ போட்டுட்டுப் போற ட்ரெக்கிங் பையில் இடுப்புப் பட்டை இருக்கில்லையா, அதுக்கு ஒரு ஜீன்ஸ் பாக்கெட்டுக்கு நன்றி சொல்லலாம். தயவுசெஞ்சு அதை மாட்டுங்க. பாதிப் பேர் அதை அழகுக்குத் தொங்கவிட்டுட்டு முதுகு வலின்னு புலம்பறாங்க.

1960களின் கடைசியில் மலையேறறவங்க சட்டத்தைப் பைக்குள்ளேயே மறைச்சுட்டாங்க. நாம வாங்கறதெல்லாம் அந்த வகை. வேட்டைக்காரங்க மட்டும் வெளிச்சட்டத்தை விடலை. காரணம் எளிமை. ஒரு தொடைக் கறியை எந்தப் பைக்குள்ள திணிக்கிறது? சட்டத்தில் வெச்சுக் கட்டிடலாம். இப்போ வர்ற நல்ல வேட்டைப் பைகளில் சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் ஒரு இடைவெளி திறக்கும், கறி அங்கே, முதுகெலும்பை ஒட்டி உட்காரும். கனம் எவ்வளவுக்கு உடம்பை ஒட்டி இருக்கோ அவ்வளவுக்குப் பின்னாடி இழுக்காது. கறியைக் காத்து போற துணியில் சுத்தணும், பிளாஸ்டிக்கில் சுத்தினா சூடு அடங்காது. இங்கிலாந்துக்காரன் வலை ஞாபகம் இருக்கா? அதே கதைதான். வெளித்துணி உரசினா சத்தம் வரக் கூடாது, நைலான் சரசரன்னு சொன்னா மிருகம் போயிடும். கொம்பைக் கட்டிட்டு வந்தா அது மேல ஆரஞ்சுத் துணி கட்டணும், இல்லைன்னா வேற யாராவது உங்களையே மூஸ்னு நினைச்சுடுவாங்க.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். நண்பன் குஷியாயிட்டான். "அப்போ அந்த அலுமினியச் சட்டமே வாங்கிடறேன். ரோட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே, தனியா போறேன், அங்கேதான் ஆள் நடமாட்டம் இருக்காது"ன்னான்.

அப்போதான் நான் பேனாவை எடுத்தேன். அலாஸ்கா மீன்-வேட்டைத் துறை சொல்ற கணக்குப்படி 1,600 பவுண்டு எடையுள்ள ஒரு பெரிய ஆண் மூஸில் சாப்பிடற கறி மட்டும் சுமார் 500 பவுண்டு. அதாவது 225 கிலோ. அல்பர்ட்டா மூஸ் கொஞ்சம் சின்னதா இருக்கலாம், பேச்சுக்கு இதையே வெச்சுக்குவோம். தடவைக்கு 35 கிலோ சுமந்தா ஏழு தடவை. ஏழு தடவை கனத்தோட வெளியே, நடுவில் ஆறு தடவை வெறுங்கையோட உள்ளே. பத்து கிலோமீட்டர்னா மொத்தம் 130 கிலோமீட்டர், அதில் எழுபது கிலோமீட்டர் முதுகில் கறியோட. ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு எத்தனை நாள் ஆகும்? அதுவரைக்கும் கறி தாங்குமா? கரடி விடுமா?

பாதியை விட்டுட்டு வரவும் முடியாது. அவன் மாகாணத்தில் சாப்பிடத் தகுந்த கறியை வீணாக்கறது குத்தம். அலாஸ்காவில் இன்னும் கறார். கறி முழுக்க வெளியே வந்த பிறகுதான், இல்லைன்னா கடைசிச் சுமையோட சேர்த்துதான், கொம்பைக் கொண்டுவரணும். எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நீலகிரியில் துரைமார் காலத்தில் இப்படி ஒரு விதி இருந்து, சுமக்கறதும் அவங்களேன்னு சொல்லியிருந்தா எத்தனை தலை பங்களாச் சுவரில் தொங்கியிருக்கும்?

"மச்சான், நீ பையைத் தேர்ந்தெடுக்காத, தூரத்தைத் தேர்ந்தெடு. ரெண்டு கிலோமீட்டர்னா மொத்த நடையே 26தான்"னு அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. கோபமோன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு வரி வந்துச்சு: "கூட வேலை பார்க்கிற ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்கேன். ரெண்டரை கிலோமீட்டர்."

சட்டத்தையும் வாங்கினான். செப்டம்பர் கடைசியில் நாலு நாள் போயிட்டு வந்தாங்க. மூஸ் கண்ணில் படவே இல்லையாம். மூணாம் நாள் கிரவுஸ்னு சொல்ற காட்டுக்கோழி ரெண்டு கிடைச்சுது. போட்டோ அனுப்பியிருந்தான். அவ்வளவு பெரிய அலுமினியச் சட்டத்தில் நடுவுல ரெண்டு கோழியைக் கயிறு போட்டு ரொம்ப ஜாக்கிரதையா கட்டியிருந்தான். ரெண்டும் சேர்த்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல தேறுமாம். கூட வந்தவங்கள்ல ஒருத்தர் இவன்கிட்ட, "இதுக்கு ஒரு வலைப்பை போதுமே"ன்னு கேட்டாராம்.